சங்கீத கலாநிதி துவாரம் வெங்கடசாமி நாயுடு

நம் சங்கத்தின் கல்வி நிதிக் குழு சென்ற மாதம் குஜிலியம்பாறையில் கூடியபோது, ஒரு விண்ணப்பம் இரண்டே நிமிஷத்தில் தள்ளப்பட்டது. விண்ணப்பித்தவர் ஒரு பாட்டனார். அவருடைய பேரனுக்கு வயது பதின்மூன்று. பிறவியிலேயே பார்வை மங்கல். கரும்பலகையில் எழுதுவது தெரியாமையால் வகுப்பில் பின்தங்கி, பள்ளிக்குப் போவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டவன். ஆனால் ஒருமுறை கேட்ட பாட்டை மறுநாள் சுரம் பிசகாமல் பாடிக் காட்டுகிறானாம். கரூரிலுள்ள அரசு இசைப்பள்ளியில் சேர்ந்து பிடில் பயில ஆசைப்படுகிறான். வாத்தியம் வாங்கவும், மூன்றாண்டு தங்கிப் படிக்கவும் சங்கம் உதவ வேண்டும் என்பது அப்பெரியவரின் வேண்டுகோள். “படிப்பு ஏறாத பிள்ளைக்குப் பாட்டுக்குப் பணமா?” என்று குழுவினர் ஒருவர் கேட்டார். மற்றையோர் தலையசைத்தனர். அடுத்த விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்பட்டது. நாமும் அக்குழுவில் ஓர் அங்கத்தினராயிருந்தும் வாய் திறந்தோமில்லை.

வீடு திரும்பும் வழியிலேதான் துவாரம் வெங்கடசாமி நாயுடு அவர்களின் நினைவு நமக்கு வந்தது. வரவேண்டிய வேளையில் வராமல் பின்னர் வந்த நினைவால் எவர்க்கும் பயனில்லை. ஆகவே அம்மகாவித்வானுடைய சரித்திரத்தை, நாம் உறுதியாக அறிந்த அளவில், அங்கத்தினர்க்கும் குடும்பத்தார்க்கும் இங்கே எடுத்துரைக்கத் துணிந்தோம்.

துவாரம் அவர்கள் நம் கிளையினரா, பெண் கொண்டு கொடுக்கும் உறவினரா என்னும் ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. நாயுடு என்னும் பட்டம் ஒன்றாயிருப்பினும் அதனைத் தாங்கும் கூட்டத்தார் பலர் என்பது யாவரும் அறிந்ததே. அவர் ஆந்திர தேசத்தில் வளர்ந்து வாழ்ந்தவர். நம் முன்னோரோ திண்டுக்கல் சீமைக்கு வந்து, மழையை நம்பிய இச்செம்மண் பூமியில் கம்பும் சோளமும் கடலையும் விளைத்து வேரூன்றியவர்கள். வீட்டிலே தெலுங்கு, வீதியிலே தமிழ் என்று வளர்ந்த நமக்குத் தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனம் ஒன்றைக் கேட்டால் அர்த்தம் சொல்ல மற்றொருவர் வேண்டியதில்லை. ஆயினும் அக்கீர்த்தனங்களைக் கேட்கும் சந்தர்ப்பம், மார்கழிப் பஜனைக்கு அப்பால், நம் சிற்றூர்களில் எத்துணை உண்டு என்று எவரேனும் வினவினால் விடை கூற நாணுகிறோம்.

பிடில் என்பது நம் நாட்டு வாத்தியம் அன்று. சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. அதனை முதன்முதல் நம் சங்கீதத்துக்கு வசப்படுத்தியவர் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளைய சகோதரராகிய பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786-1858). மணலி முதலியாரின் ஆதரவில் சென்னைப் பட்டணத்தில் வாழ்ந்த காலத்தில், ஐரோப்பியர் ஒருவரிடம் அவர் இவ்வாத்தியத்தைக் கற்றார் என்பர். பிற்காலத்தில் அவரைத் தம் ஆஸ்தான வித்வானாக வைத்துப் போற்றியவர்கள் எட்டயபுரத்து அரசர்கள். தெலுங்கு பேசும் பாளையக்காரர் அரண்மனை ஒன்றே அவருக்கு நிழல் தந்தது என்பதை நம்மவர் மறத்தலாகாது. தஞ்சை நால்வரில் இளையவராகிய வடிவேலு என்பாரும் இவ்வாத்தியத்தில் பெரும்புகழ் எய்தியவர். திருவாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார்.

இவ்வாறு வந்த வாத்தியத்தை நம்மவர் பிடிக்கும் முறையே வேறு. மேல்நாட்டார் நின்றுகொண்டு தோளின்மேல் சாய்த்து, தாடையால் அழுத்திப் பிடிப்பர். நம் வித்வான்கள் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு முனையை மார்பிலும் மறு முனையை வலக்கால் கணுவருகிலும் பொருத்திக்கொள்வர். வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பு இடக்கைக்கு இல்லாமையால், அது தந்தியின் மேல் தங்குதடையின்றி ஏறியிறங்கி, கமகங்களைக் குரலைப் போலவே காட்ட இயலுகிறது. சுருதி கூட்டுவதும் ஷட்ஜம், பஞ்சமம் என நம் முறைப்படியே. நூறாண்டுக்குள் இது பாட்டுக் கச்சேரியின் நீங்காத துணையாயிற்று. திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் (1857-1913), மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை (1879-1931), நமக்குக் கிழக்கே மணப்பாறைக்கு அப்பாலுள்ள மருங்காபுரியின் பெயரை ஊரூராகக் கொண்டுசென்ற கோபாலகிருஷ்ணையர் ஆகியோர் அத்துணை வாத்தியத்தாலேயே பெரும் வித்வான்களாக எண்ணப்பட்டவர்கள்.

எனினும் அது துணையாகவே நின்றது. பாடுகிறவர் நடுவில், பிடில்காரர் பக்கத்தில். பாடுகிறவர் விட்ட இடத்தை நிரப்புவதும், அவர் சென்ற வழியே செல்வதும் பக்கவாத்தியக்காரரின் தர்மம். பாடகர் வாய் மூடியிருக்க, அவ்வாத்தியம் ஒன்றே மூன்று மணி நேரம் சபையை அமர்த்தி வைக்கும் என்று அக்காலத்தில் கூறியிருந்தால் நம்புவோர் சிலரே இருந்திருப்பர். அந்நம்பிக்கையை உண்டாக்கியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் துவாரம் அவர்கள்.

அவர் 1893-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி பெங்களூரில் பிறந்தார். அன்று தீபாவளி என்பர். தந்தையார் வெங்கடராயுடு பட்டாளத்தில் உத்தியோகம் வகித்தவர். பின்னர் குடும்பம் விசாகப்பட்டணத்தில் குடியேறிற்று. மூத்த தமையனார் வெங்கட கிருஷ்ணையா பிடில் வாசிக்க வல்லவர். இளையவருக்கோ கண் பார்வை குறைவு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்டும் அக்குறைவினால் படிப்பு தொடரவில்லை. உத்தியோகத்துக்குப் படிப்பே வாயிலாயிருந்த காலத்தில், உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை. பட்டாளமும் இல்லை, கச்சேரி குமாஸ்தா வேலையும் இல்லை. இத்தகைய பிள்ளையை நம் ஊர்களில் என்ன செய்வோம்? திண்ணையில் உட்காரவைத்து, வருவோர் போவோரிடம் “பாவம், இவனுக்குப் பார்வை இல்லை” என்று சொல்லிக் காட்டுவோம். அல்லது ஆட்டை ஓட்டிக்கொண்டு போகச் சொல்வோம். வெங்கட கிருஷ்ணையா என்னும் அத்தமையனார் அவ்வாறு செய்யாமல் தம்பியின் கையில் பிடிலைக் கொடுத்தார். இச்சரித்திரத்தில் நாம் முதல் வணக்கம் செலுத்த வேண்டியது அவருக்கே.

நம் சங்கீதம் காதினால் கற்கப்படுவது என்பதை இங்கே சொல்லவேண்டும். மேல்நாட்டு வித்வான் முன்னே எழுதிய தாளை வைத்துக்கொண்டு, அதனைக் கண்ணால் பார்த்து வாசிக்கப் பழகுகிறான். நம் முறையில் குரு பாடுவார், சிஷ்யன் திருப்பிப் பாடுவான். அது நெஞ்சில் பதியும் வரை அவ்வாறே நிகழும். ராக ஆலாபனைக்கோ எழுத்தே கிடையாது. ஆகவே பள்ளிக்கூடத்தில் எந்தக் குறையினால் அப்பிள்ளை தள்ளப்பட்டானோ, அந்தக் குறை இங்கே தடையாகவில்லை. தமையனார் கற்பித்ததற்கு மேல், கேட்டுக் கேட்டும் தாமே சாதகம் செய்தும் துவாரம் அவர்கள் தம் வித்தையை வளர்த்துக்கொண்டார். எந்தப் பெரிய வித்வானுடைய வீட்டிலும் பல்லாண்டு குருகுலவாசம் செய்தவர் அல்லர்.

இனி அவர் வாழ்வின் திருப்பத்துக்கு வருவோம். விசாகப்பட்டணத்துக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் விஜயநகரம் என்னும் சமஸ்தான நகரம் உள்ளது. துங்கபத்திரைக் கரையில் பாழ்பட்டுக் கிடக்கும் பழைய விஜயநகரம் வேறு. இது பூசபாடி வமிசத்து கஜபதி ராஜாக்களின் ஊர். அந்நாளில் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டது. அங்கே விஜயராம கஜபதி ராஜா 1919-ம் ஆண்டில் ஒரு சங்கீதக் கல்லூரியை ஏற்படுத்தினார். அதன் தோற்றத்துக்குச் சொல்லப்படும் காரணம் நம் உள்ளத்தைத் தொட்டது. ராஜாவின் அதிகாரி ஒருவருக்குக் கண்பார்வையற்ற மகன் இருந்தானாம். அவனுக்குச் சங்கீதத்தில் நாட்டம் மிகுதி. அவன் பயிலுவதற்கு வழி செய்யவேண்டும் என்று எண்ணிய ராஜா, ஒருவனுக்கு ஓர் ஆசிரியரை வைப்பதினும் பலருக்கும் ஒரு கல்லூரியை வைப்பது மேல் என்று கருதினாராம். ஹரிகதைப் பிதாமகர் எனப் போற்றப்படும் ஆதிபட்ல நாராயண தாஸர் (1864-1945) அதன் முதல் தலைவரானார்.

அக்கல்லூரியில் மாணவனாகச் சேர இடம் கேட்டே துவாரம் அவர்கள் விஜயநகரம் சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்தார். கேட்டவர்கள் அவரை மாணவர் வரிசையில் சேர்க்கவில்லை. பிடில் ஆசிரியராகவே நியமித்துவிட்டார்கள். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறளவு. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அனுப்பிய பிள்ளை, கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார்! அவரிடம் எந்தப் பரீக்ஷையில் தேறினார் என்று அங்கே கேட்டவர் இல்லை. கேட்டிருந்தால் விஜயநகரத்துக்குத்தான் நஷ்டம்.

அவருடைய வாசிப்பின் விசேஷம் வில்லில் இருந்தது. இடக்கை விரல்களால் சுரம் பிறக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்தச் சுரத்துக்கு உயிர் கொடுப்பது வலக்கையிலுள்ள வில். அந்நாளில் பலர், பாட்டின் எழுத்துக்களுக்கு ஏற்ப வில்லைச் சிறுசிறு துண்டாக இழுத்து வாசிப்பர். துவாரம் அவர்கள் மேல்நாட்டு வித்வான்களின் வாசிப்பைக் கூர்ந்து கேட்டு, வில்லை அடி முதல் நுனி வரை நீளமாகச் செலுத்தும் வித்தையைத் தமதாக்கிக்கொண்டார். நீண்ட மூச்சுடைய பாடகன் ஒரு சங்கதியை இடைமுறியாமல் பாடுவது போல அவர் நாதம் ஓடும். அதே வேளையில் அவ்வாசிப்பில் மேல்நாட்டு வாடை ஒரு சிறிதும் கிடையாது. ராகத்தின் சாயல், கமகத்தின் அசைவு யாவும் நம்முடையவை. அந்நிய வாத்தியத்தை நம் முன்னோர் எடுத்துக்கொண்டனர். அந்நியருடைய வில் வித்தையையும் அவ்வாறே இவர் எடுத்துக்கொண்டார். கொள்ளுவதில் வெட்கம் இல்லை, கொண்டதை நமதாக்கத் தெரியவேண்டும் என்று அக்கால வைதிகர்களிடம் அவர் வாதாடவில்லை. வாசித்தார், அவ்வளவே. தேய்ந்த பழைய கிராமபோன் தட்டுகளின் இரைச்சலுக்கு இடையிலும் அந்த நாதத்தின் இனிமையை நாம் இன்று கேட்டறியலாம். சுரத்தில் அவருக்கிருந்த கவனத்துக்கு மற்றுமொரு சான்று, தம்பூராவின் இயல்பைக் குறித்து அவர் ஆராய்ந்து கட்டுரை எழுதியது. நாம் பெரும்பாலும் தம்பூராவைப் பின்னே ஒருவர் மீட்டிக்கொண்டிருப்பது என்ற அளவில் மட்டுமே கவனிக்கிறோம்!

முன்னணிப் பாடகர்கள் பலருக்கு அவர் பக்கவாத்தியம் வாசித்தார். ஆந்திர தேசத்தில் ‘பிடில் நாயுடு’ என்றாலே போதும், ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் வேண்டுவதில்லை. 1938-ல் வேலூரில் அவர் தனிக் கச்சேரி செய்தார். பிடிலை நடுவில் வைத்து நிகழ்ந்த முதல் தனிக் கச்சேரி அதுவே என்று கூறுவோர் உளர். முதலாவதா இரண்டாவதா என்னும் வழக்கை அறிஞர்க்கு விட்டுவிடுவோம். பக்கத்தில் அமர்ந்திருந்தவர் நடுவில் வந்து அமர்ந்தார், மிருதங்கம் அவருக்குப் பக்கவாத்தியமாயிற்று என்பதே நமக்குப் பொருட்டு. இன்று பிடில் தனிக் கச்சேரி என்றால் எவரும் புருவம் உயர்த்துவதில்லை. பின்வந்த லால்குடி ஜெயராமன், டி. என். கிருஷ்ணன், எம். எஸ். கோபாலகிருஷ்ணன் முதலியோர் தனிக் கச்சேரிகளால் உலகெங்கும் புகழ் பெற்றனர். அவ்வழியை வெட்டித் திருத்தியவர்களில் ஒருவர் கண் மங்கியவர் என்பதை ரசிகர்களில் எத்துணைப் பேர் நினைக்கின்றனர்?

1936-ல் நாராயண தாஸருக்குப் பின் துவாரம் அவர்களே விஜயநகரம் கல்லூரியின் தலைவரானார். 1941-ல் சென்னைச் சங்கீத வித்வத் சபையின் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். தலைமை வகிக்கும் வித்வானுக்குச் ‘சங்கீத கலாநிதி’ என்னும் விருது வழங்கும் வழக்கம் அதற்கு அடுத்த ஆண்டில்தான் ஏற்பட்டது. முன்னர்த் தலைமை வகித்தோர்க்கும் அது சேர்த்து அளிக்கப்பட்டமையால் அவர் பெயரோடும் அவ்விருது சேர்ந்தது. 1953-ல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1957-ல் பத்மஸ்ரீயும் பெற்றார். விருதுகளை அடுக்குவது நம் பத்திரிகைகளில் வழக்கமாயினும், அதனால் மனிதரை அறிய முடிவதில்லை. ஆகையால் இதனோடு நிறுத்தி, இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

முதலாவது, 1952-ம் ஆண்டில் நிகழ்ந்தது. உலகப் புகழ்பெற்ற மேல்நாட்டுப் பிடில் வித்வானாகிய யெஹூதி மெனுஹின் அவ்வாண்டில் இந்தியா வந்திருந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியாயிருந்த பி. வி. ராஜமன்னார் அவர்களின் இல்லத்தில் துவாரம் அவர்களின் வாசிப்பைக் கேட்டு மெனுஹின் பெரிதும் பாராட்டினார். எந்த நாட்டாரின் வில் வித்தையைத் தூரத்திலிருந்து காதால் மட்டும் கேட்டுக் கற்றாரோ, அந்நாட்டு வித்தையில் தலைசிறந்தவரே எதிரில் அமர்ந்து கேட்டார்.

இரண்டாவதும் அதே ஆண்டில் நிகழ்ந்ததே. கண் பார்வையற்றோரின் நல நிதிக்காக டில்லியில் அவர் தனிக் கச்சேரி செய்து பொருள் திரட்டிக் கொடுத்தார். தமக்கு அவ்வாண்டு வயது ஐம்பத்தொன்பது. விசாகப்பட்டணத்துப் பள்ளியறை நினைவில் வந்ததோ இல்லையோ, நாம் அறியோம்.

கல்லூரியைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் வித்தை ஒருவரோடு நின்றுவிடாமல் பரவியது அங்கேதான். பிற்காலத்தில் தென்னாடெங்கும் புகழ்பெற்ற பாடகர் கண்டசாலா அக்கல்லூரியில் பயின்றவர். அவ்வூரிலேயே 1935-ல் பிறந்த பி. சுசீலா அவர்களும் அங்கே பயின்று பட்டயம் பெற்றவரே. சுசீலாவின் குரல் ஒலிக்காத வீடு குஜிலியம்பாறையிலும் இல்லை, எரியோட்டிலும் இல்லை, வடமதுரையிலும் இல்லை. கடலை உரிக்கும் களத்திலும், கல்யாணப் பந்தலிலும் நாம் கேட்டு வளர்ந்த அக்குரல், துவாரம் அவர்கள் தலைமை வகித்த கல்லூரியில் பழக்கப்பட்டது என்பதை நாமே அண்மையில்தான் கவனித்தோம். துவாரம் அவர்களின் குமாரத்தி மங்கத்தாயாரும் பிடில் வித்வாம்சினியாக விளங்கினார்; குடும்பத்தார் வேறு சிலரும் அவ்வித்தையையும், கல்லூரித் தலைமையையும் தொடர்ந்து தாங்கினர். ஒரு தமையனார் தம் தம்பிக்கு இரக்கப்பட்டுக் கொடுத்த வாத்தியம், ஒரு குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்தாயிற்று.

1964-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். 1993-ல் நூற்றாண்டு நிறைவின்போது இந்தியத் தபால் இலாகா அவர் திருவுருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

இனி, நம் குழு தள்ளிய விண்ணப்பத்துக்கு வருவோம். எதிர்த்துப் பேசியவர் சொல்லில் நியாயமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். பார்வை குறைந்த பிள்ளைகள் யாவரும் துவாரம் ஆகிவிடுவதில்லை. சங்கீதத்தால் ஜீவனம் நடத்துவது எளிதன்று. நம் நிதியோ சிறிது. பொறியியலும் செவிலியர் படிப்பும் படிக்கும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் அன்று நாம் இவற்றை ஆலோசித்தா தள்ளினோம்? பையன் பாடக் கேட்டவர் நம்மில் எவரும் இல்லை. அழைத்து வரச் சொன்னவரும் இல்லை. விஜயநகரத்தில் ஆளை முன்னே உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லி, பின்னர் அல்லவோ முடிவு கூறினார்கள்! நாமோ மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே பாட்டுக்குத் தீர்ப்புச் சொன்னோம்.

மற்றொன்று. துவாரம் அவர்களின் சிறுபிராயத்தில் மங்கிய கண்ணுக்கு ஏழை எளியவர் நாடக்கூடிய நல்ல வைத்தியம் அரிது. இன்றோ மதுரையில் 1976-ல் தொடங்கப்பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. அப்பையனின் கண்ணை அங்கே காட்டினார்களா, காட்டியிருந்தால் மருத்துவர் என்ன சொன்னார் என்று நாம் கேட்டோமா? அதுவும் இல்லை. பாட்டுக்குப் பணம் கொடுப்பதா என்னும் விவாதத்துக்கு முன்னே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. குழுவில் வயதில் மூத்தவராகிய நமக்கே அது தோன்றாமற் போயிற்று.

அப்பெரியவரின் கடிதம் இப்பொழுது நம் மேஜைமேல் இருக்கிறது. கோடிட்ட பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள், கையெழுத்து நடுக்கம். கடைசி வரியில், பையன் பாடுவதை ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் பிறகு சங்கம் எது சொன்னாலும் சம்மதம் என்று எழுதியிருக்கிறார். அவ்வரியைக் கூட்டத்தில் படித்த நினைவு நமக்கு இல்லை. வருகின்ற மாதக் கூட்டத்தில் இவ்விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளும்படி காரியதரிசியவர்களுக்கு எழுதியிருக்கிறோம். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் அவ்வூருக்குச் செல்லவிருக்கிறோம். உடன் வர விரும்பும் குழு அங்கத்தினர்கள் முன்னதாகத் தெரிவித்தால் வண்டி ஏற்பாடு செய்ய வசதியாயிருக்கும்.